பாலைவனம் போகும் லாரியில் பனிக்காலச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு, கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்து லாரிகள் வடக்கே போவது புதிதல்ல. ஆப்பிள் சீசனில் காஷ்மீரில் சோபூர், சோபியான் வரை போகிறவர்கள், திரும்பு லோடு தாமதமானால் லடாக்கில் கார்கிலுக்கோ லேவுக்கோ ஒரு நடை அடித்துவிட்டு வருகிறார்கள். மார்பிளுக்காக ராஜஸ்தான் போகிறவர்களும் உண்டு. வண்டி ஓட்டிய காலத்திலும் சரி, இப்போது உதிரி பாகக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் சரி, இந்த வண்டிக்காரர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் கேட்கும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"ஏனுங்ணா, லடாக் பாலைவனம்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம்? அங்க பனிச் சாமான் எதுக்குங்க?"

பாலைவனம்தான், ஆனால் குளிர் பாலைவனம். லேவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நம் எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) நாலைந்து நாளில் கொட்டிவிடும் அளவு. ஆனால் அந்த வறண்ட பூமிக்குள் நுழைய வேண்டுமென்றால் கணவாய் ஏறித்தான் ஆக வேண்டும். ஸ்ரீநகர் பக்கமிருந்து போனால் 3,528 மீட்டர் உயரத்தில் சோஜிலா. மணாலி பக்கமிருந்து போனால் 4,890 மீட்டரில் பாராலாச்சா, அதைத் தாண்டி 5,328 மீட்டரில் தங்லங்லா. பனி கொட்டுவதெல்லாம் இந்தக் கணவாய்களில்தான்.

நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் என்ற ஊரில் நிஜமான மணல் மேடுகள் இருக்கின்றன. லேவிலிருந்து அங்கே போகும் வழியில் கர்துங்லா கணவாயில் பனி கிடக்கும். காலையில் பனி, மதியம் மணல் என்று ஒரே நாளில் இரண்டிலும் சக்கரம் சிக்கலாம்.

"எந்த மாசத்துல போனா இந்தச் சாமானெல்லாம் வேண்டாம்?"

அப்படி ஒரு மாதத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. மணாலி–லே சாலை பொதுவாகக் கோடையில் திறந்து, நவம்பர் வாக்கில் மூடும். ஆனால் செப்டம்பர், அக்டோபரிலேயே பாராலாச்சாவில் பனி விழுந்து வண்டிகள் வரிசையாக நிற்பதுண்டு. ஆப்பிள் சீசன் அந்த மாதங்களில்தான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

"அதான் டனல் வந்துடுச்சே" என்று சிலர் சொல்கிறார்கள். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத்தான் தவிர்க்க உதவுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் பாராலாச்சாவும் தங்லங்லாவும் அப்படியேதான் இருக்கின்றன.

"சரிங்க, என்னென்ன வாங்கணும்? மொத்தமாச் சொல்லிடுங்க."

பாதிச் சாமான் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. மம்பட்டி, கடப்பாரை, ஜாக்கி, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை, தார்ப்பாய். புதிதாக வாங்க வேண்டியவை: டயர் அளவுக்குப் பொருந்தும் பனிச் சங்கிலி ஒரு ஜோடி, இழுவை பெல்ட் ஒன்று, ஷேக்கிள் (பின் திருகி மூடும் U வடிவ இரும்பு வளையம்) இரண்டு, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகை, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடி சதுரத்தில் கனமான மரப்பலகை. இந்த மரப்பலகை இல்லாமல் மணலிலும் பனியிலும் ஜாக்கி போட்டால், வண்டி மேலே வருவதற்குப் பதில் ஜாக்கிதான் கீழே போகும்.

அப்புறம் காலிச் சாக்கு, ஏர் டேங்கிலிருந்து டயருக்குக் காற்று பிடிக்கும் ஹோஸ், தலையில் மாட்டும் டார்ச், ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி, ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒளி பட்டால் மின்னும் முக்கோணம். இவ்வளவுதான். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லோடுக்கு அடியில் போய்விட்ட சங்கிலி இல்லாத சங்கிலிக்குச் சமம். கேபினுக்குள்ளேயோ, பக்கவாட்டுப் பெட்டியிலோ, லோடை அவிழ்க்காமல் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிப் பூட்டில் தண்ணீர் இறங்கி உறைந்தால் சாவி திரும்பாது. பூட்டைச் சைக்கிள் டியூப் துண்டால் மூடிக் கட்டி வையுங்கள்.

"கட்டுக் கயிறும் இரும்புச் சங்கிலியும் இருக்குதே. அதை வெச்சு இழுத்தா ஆகாதா?"

ஆகாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்வேன். கட்டுக் கயிறு லோடைப் பிடிக்கத்தான், 28 டன் வண்டியை இழுக்க அல்ல. இரும்புச் சங்கிலியோ வயர் ரோப்போ இழுவையில் அறுந்தால் அறுந்த முனை திரும்பி வரும். அது வரும் பாதையில் நிற்கும் கிளீனர் பையனுக்கு விலகக்கூட நேரம் இருக்காது.

இழுவை பெல்ட் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எத்தனை டன் என்று அச்சிட்ட லேபிள் தைத்திருக்க வேண்டும். ஷேக்கிளிலும் அப்படித்தான், உடம்பிலேயே எடை முத்திரை இருக்கும். முத்திரை இல்லாததைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மாட்டும்போது முதலில் பின்னின் மரையை மணல் இல்லாமல் துடையுங்கள். முழுக்கத் திருகி, அப்புறம் கால் சுற்றுப் பின்னால் விடுங்கள். இறுக்கிவைத்தே இழுத்தால் பாரத்தில் மரை கடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஸ்பானருக்கும் அசையாது. விறைத்த விரலோடு அந்தப் பின்னோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் கால் சுற்றின் அருமை தெரியும்.

பெல்ட் எட்டவில்லை என்று இரண்டை நடுவில் ஷேக்கிள் வைத்து இணைக்கக் கூடாது. அறுந்தால் அந்த இரும்புதான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். இழுக்கும் முன் பெல்ட்டின் நடுவில் நனைந்த சாக்கையோ மடித்த தார்ப்பாயையோ போர்த்துங்கள். அறுந்தாலும் துள்ளாமல் கீழே விழும். டிரைவர்கள் இருவரைத் தவிர எல்லோரும் பெல்ட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். ஓடி வந்து வெடுக்கென்று இழுப்பது லோடு வண்டிக்கு வேண்டவே வேண்டாம். முதல் கியரில் மெதுவாகப் பெல்ட்டை விறைப்பாக்கி, அப்புறம் இழுங்கள்.

"கொக்கியை பம்பர்ல மாட்டலாமா?"

கூடாது. சேஸிஸில் கம்பெனியே கொடுத்திருக்கும் இழுவைப் பின் அல்லது கொக்கியில் மட்டும். பம்பர், ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், ஸ்டியரிங் ராடு எதிலும் மாட்ட வேண்டாம். வண்டி ஊரில் நிற்கும்போதே அந்தப் பின் கழன்று வருகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து ஒட்டிப்போயிருக்கும்.

"பனிச் சங்கிலி எந்தச் சக்கரத்துக்குப் போடணும்? எல்லாத்துக்கும் வாங்கணுமா?"

இன்ஜின் விசை போகும் ஆக்சிலில், இரட்டை டயரில் வெளிப்பக்க டயருக்கு. பத்துச் சக்கர வண்டியில் பின்னால் இரண்டு ஆக்சில் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இன்ஜின் விசை போகும், மற்றது பாரம் தாங்க மட்டும். எது என்று ஆக்சில் நடுவில் புடைத்திருக்கும் ஹவுசிங்கைப் பார்த்தாலே தெரியும். இறக்கத்தில் ஸ்டியரிங் பிடிப்பு கிடைக்க முன்சக்கரத்துக்கும் ஒரு ஜோடி இருந்தால் நல்லது. வசதியிருந்தால் வாங்குங்கள். லிஃப்ட் ஆக்சில் (தரையிலிருந்து தூக்கிக்கொள்ளக்கூடிய ஆக்சில்) உள்ள வண்டியில், சிக்கிய இடத்திலிருந்து வெளியேற நாலடி தூரத்துக்கு மட்டும் அதைத் தூக்கினால் பாரம் டிரைவ் சக்கரத்தில் இறங்கிப் பிடிப்பு கூடும். ஏறியதும் இறக்கிவிட வேண்டும்.

சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு எடுத்து, கொக்கியின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி போர்த்துங்கள். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள், அதுதான் சிரமம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இதை விட்டால் தளர்ந்த சங்கிலி மட்கார்டையும் பிரேக் ஹோஸையும் அடித்துக் கிழிக்கும். வேகம் 40க்கு மேல் வேண்டாம். தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்.

கிளம்பும் முன் நம் ஊர் ஷெட்டிலேயே, கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். அளவு சரியில்லை என்றால் இங்கே மாற்றிக்கொள்ளலாம். பனிக்காலத்தில் சோஜிலா போன்ற இடங்களில் சங்கிலி இல்லாத வண்டியைப் போலீஸ் மேலே விடுவதில்லை. ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம் என்று முறை வைத்தும் விடுவார்கள். அன்றைய அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

"மணல்ல சிக்கினாலும் அதே சங்கிலியைப் போட்டா ஏறிடுமுங்களா?"

ஏறாது, இன்னும் ஆழமாகப் புதையும். சங்கிலி கெட்டியான பனியையும் ஐஸையும் கடிப்பதற்காகச் செய்தது. மணலில் அது தோண்டும் வேலையைத்தான் செய்யும். மணலுக்கு நேர்மாறான வைத்தியம்: டயர் அகலமாகப் படர வேண்டும். காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, பலகையை முட்டுக் கொடுத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றச் செய்யும் பூட்டு) இருந்தால் வண்டி நிற்கும்போதே போட வேண்டும்.

வெளியே வந்ததும் அதே இடத்தில் காற்றைப் பிடித்துவிட வேண்டும். லோடோடு குறைந்த காற்றில் தாரில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். மேலே சொன்ன ஏர் ஹோஸ் இதற்குத்தான். நம் வண்டியிலேயே கம்ப்ரஸர் இருக்கும்போது பஞ்சர் கடை தேடி அலைய வேண்டியதில்லை. மம்பட்டி, பலகை, பெல்ட், ஜாக்கிப் பலகை நாலும் பனிக்கும் மணலுக்கும் பொது. சங்கிலி ஒன்றுதான் பனிக்கு மட்டும்.

"மணல் மூட்டை கொண்டு போகச் சொல்றாங்க. நம்ம பாரதப்புழை மணல் எடுத்துக்கலாமா?"

பாலைவனத்துக்கு இங்கிருந்து மணல் சுமக்க வேண்டாம். காலிச் சாக்கு நாலைந்து போதும். கணவாய் ஏறும் முன் அடிவாரத்தில் சாலையோரம் கிடக்கும் பருமணலை, காய்ந்ததாகப் பார்த்து நிரப்புங்கள். ஈர மணல் இரவில் கல்லாகிவிடும். ஐஸ் படிந்த வளைவில் டிரைவ் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கை தூவினால் போதும், பிடித்துக்கொள்ளும். இறங்கியதும் மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்து வையுங்கள்.

"டீசலே உறைஞ்சு போகும்கிறாங்களே, நிஜமா?"

நிஜம். டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிர் கூடக் கூட அது துகளாகப் பிரிந்து முதலில் ஃபில்டரை அடைக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ரெண்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். சோஜிலாவைத் தாண்டி வரும் திராஸில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம்.

இதற்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று தனியாகக் குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரை பாய்ச்சல் குறையாது. ஆகவே கஞ்சிக்கோட்டிலோ ஜம்முவிலோ போட்ட டீசலை நிறைய மிச்சம் வைத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். மேலே பங்க் வரும் தூரத்துக்கு மட்டும் கணக்கிட்டு, அங்கே குளிர்கால டீசலால் நிரப்புங்கள். ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை ஏறும் முன் வடித்துவிடுங்கள், ஒரு புது ஃபில்டரும் கையில் இருக்கட்டும்.

பிஎஸ் 6 வண்டியில் ஆட்ப்ளூவும் (புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல்) உண்டு. அது மைனஸ் 11 டிகிரியிலேயே உறையும். உறைந்தால் விரியும் என்பதால் அந்த டேங்கை வாய் வரை நிரப்பக் கூடாது. இன்ஜின் ஓடிச் சூடானதும் அது தானாக இளகும். கூலன்ட்டில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மட்டும் வாளையாற்றோடு விட்டுவிடுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. வெறும் தண்ணீர் என்றால் ஒரே ராத்திரியில் இன்ஜின் பிளாக் விரிசல் விடும்.

"மண்ணெண்ணெய் கலக்கறது, டேங்குக்கு அடியில தீ மூட்டறது... பழைய டிரைவருங்க செய்வாங்களே?"

செய்தார்கள். அந்தக் கால இன்ஜின் தாங்கியது. இப்போதைய இன்ஜெக்டரும் சைலன்சரில் இருக்கும் வடிகட்டியும் மண்ணெண்ணெயைத் தாங்காது, கலப்படம் சட்டப்படியும் குற்றம். தீ மூட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கத்தில் உலர்ந்த லோடும், எண்ணெய் படிந்த சேஸிஸும், தீயணைக்கத் தண்ணீர் இல்லாத இடமும். ஃபில்டர் மேலும் குழாய் மேலும் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள். அதற்காக மேலே சொன்ன சாமானோடு ஒரு கெட்டிலும் பழைய துணியும் இருக்கட்டும். அதே வெந்நீரை முன் கண்ணாடியில் ஊற்றிவிடாதீர்கள், படாரென்று வெடிக்கும்.

"காத்து பிரேக்குக்கு அங்க ஏதாவது ஆகுமா?"

காற்றோடு சேர்ந்து டேங்கில் தண்ணீர் இறங்கும். நம் ஊரில் அது துருவை மட்டும் உண்டாக்கும், அங்கே குழாயிலும் வால்விலும் உறைந்து பிரேக்கைப் பிடிக்க விடாது. தினமும் ராத்திரி வண்டியை நிறுத்தியதும், சூடு இருக்கும்போதே, எல்லா ஏர் டேங்கின் வடிகாலையும் இழுத்துவிடுங்கள். முதலில் காவி நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் பீய்ச்சும், வெறும் காற்று வரும் வரை பிடியுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் டப்பாவை ஊரிலேயே மாற்றிவிட்டுப் போவது உத்தமம்.

ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஈர லைனிங் டிரம்மோடு சேர்ந்து உறைந்தால் காலையில் சக்கரம் சுற்றாது.

"மரமே இல்லாத ஊர்ல செயின் பிளாக்கை எதுல கட்டி இழுக்கறதுங்க?"

நல்ல கேள்வி. செயின் பிளாக் என்பது கையால் சங்கிலியை இழுத்துப் பாரத்தை நகர்த்தும் கப்பி, அதைக் கட்ட அசையாத பிடிமானம் வேண்டும். முதல் வழி இன்னொரு லாரி. அந்தச் சாலையில் தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவே பெரிய காரணம். இரண்டாவது, ஸ்டெப்னியைப் புதைப்பது. வண்டியிலிருந்து இழுக்கும் திசையில் தள்ளி, டயர் நிமிர்ந்து நிற்கும்படி மூன்று நாலடிக் குழி வெட்டி, தட்டைப் பக்கம் வண்டியைப் பார்க்க வைத்து, பெல்ட்டை நடு ஓட்டை வழியாக விட்டு, டயருக்குப் பின்னால் குறுக்காக வைத்த கடப்பாரையில் கட்டுங்கள். பெல்ட் வரும் வழிக்குச் சரிவான வாய்க்கால் வெட்டினால் டயர் மேலே எழும்பாது. மணலில் இது நன்றாக நிற்கும்.

உறைந்த தரையில் மம்பட்டி இறங்காது. அங்கே இந்த வித்தைக்கு நேரம் செலவழிக்காமல், முக்கோணத்தை வைத்துவிட்டுப் பின்னால் வரும் வண்டிக்கோ எல்லைச் சாலை அமைப்பின் புல்டோசருக்கோ காத்திருங்கள். கணவாய்களில் பனி தள்ளுவது அவர்கள்தான். அவசரத்துக்கு 112. வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு எண் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர் போறாருங்ணா. கேபின்ல சின்ன அடுப்பு பத்த வெச்சுக்கறேன்னு சொல்றாரு, சரிங்களா?"

சரியில்லை தங்கச்சி, தயவுசெய்து தடுத்துவிடு. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே கரியோ கேஸ் அடுப்போ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, புகை தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதிலும் அதே ஆபத்து உண்டு. சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை கேபினுக்குள்ளேதான் திரும்பும். ஓட விடுவதாக இருந்தால் இறங்கி மம்பட்டியால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இரண்டு கம்பளி, கம்பளிச் சாக்ஸ் நாலு ஜோடி, குரங்குக் குல்லா, மூன்று நாளைக்கு அவல், வெல்லம், கடலை, பிளாஸ்க் கொடுத்து அனுப்பு. தண்ணீர் கேன் கேபினுக்குள்ளேயே இருக்கட்டும்.

"அங்க மம்பட்டி புடிச்சா மூச்சு வாங்குதே, உடம்புக்கு ஏதாவதா?"

உயரம்தான் காரணம். தங்லங்லா உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. பத்து வெட்டு வெட்டினால் நின்று மூச்சு வாங்குங்கள், ஆள் மாற்றி வெட்டுங்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்குவதுதான் மருந்து. மாத்திரை எதுவானாலும் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் ராஜஸ்தானுக்கு மட்டும்தான் போறேன்."

அப்படியானால் பனிச் சங்கிலியை விட்டுவிடலாம், மற்றதெல்லாம் வேண்டும். சுரு பக்கம் கோடையில் 50 டிகிரி தொடும், அதே ஊரில் ஜனவரி இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கம்பளியும் கூலன்ட்டும் அங்கேயும் அவசியம். டிசம்பர், ஜனவரியில் வழி நெடுகப் பனிமூட்டம் இருக்கும், முக்கோணத்தை மறக்காதீர்கள்.

"இவ்வளவு சாமான் ஏத்துனா எடை மேடையில மாட்டாதா? ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

மூன்று ஆக்சில் வண்டிக்கு மொத்த எடை 28.5 டன். மேலே சொன்னதெல்லாம் சேர்த்தாலும் லோடில் இரண்டு மூன்று மூட்டை குறைக்கிற அளவுதான். ஓனர்களுக்கு நான் சொல்வது இது: வண்டி ஒரு நாள் கணவாயில் நின்றால் போகும் காசு ஒரு பக்கம், அந்த ராத்திரி கேபினில் உட்கார்ந்திருப்பது உங்களை நம்பி வந்த இரண்டு உயிர். சாமான் செலவை டிரைவரின் பேட்டாவில் பிடிக்காதீர்கள்.

"ஊருக்கு வந்ததும் எல்லாத்தையும் இறக்கி ஷெட்ல போட்டுடலாமா?"

சங்கிலியை மட்டும் இறக்குங்கள், மற்றது வண்டியிலேயே இருக்கட்டும். சேற்றிலும் சிக்குவோம், நெல்லியாம்பதி ஏற்றத்திலும் நிற்போம். அந்தப் பெல்ட்டும் பலகையும் இங்கேயும் உதவும்.

சங்கிலியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய இன்ஜின் ஆயில் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். நம் மழைக்காலத்தில் தடவாமல் விட்டால் கொக்கியெல்லாம் துருவேறி ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயில் அதன் நூலை நைய வைக்கும், எண்ணெய் பட்ட இடம் வீணாகும், எலி கடித்த பெல்ட்டைத் தைத்துப் பயன்படுத்தக் கூடாது. ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தாலும் அதை லோடு கட்டக்கூட வைத்துக்கொள்ளாமல் துண்டாக்கிப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த நடையில் அவசரத்துக்கு யாராவது அதையே எடுத்து மாட்டுவார்கள்.